கையெழுத்துப் போடுகிறவர்கள்
சென்னையின் தரும மருத்துவ அமைப்புகளும், சம்பளம் வாங்காத அவற்றின் கமிட்டிகளும்

 

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை நம்மில் பலருக்குத் தெரியும். சொந்தக்காரர் யாரையாவது அங்கே அழைத்துப் போயிருப்போம், அல்லது ஒரு தடவையாவது நன்கொடை அனுப்பியிருப்போம். அதன் முழுப்பெயரை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ‘கேன்சர் இன்ஸ்டிடியூட் (டபிள்யூ.ஐ.ஏ.)’ என்பதுதான் முழுப்பெயர். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த மூன்று எழுத்துகளில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. நிறுவியவர் பெயரோ, பணம் கொடுத்த பிரபுவின் பெயரோ அங்கே இல்லை. இருப்பது ஒரு சங்கத்தின் பெயர்: 1917-ல் இதே அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம்!

தரும ஆஸ்பத்திரி என்றதும் நமக்கு டாக்டர் நினைவுக்கு வருகிறார், பிறகு வள்ளல் நினைவுக்கு வருகிறார். இருவரும் போற்றப்பட வேண்டியவர்களே. ஆனால் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. மாதம் ஒரு தடவை கூடி, காப்பி குடித்து, கணக்குப் பார்த்து, மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம். சம்பளம் கிடையாது, கல்வெட்டில் பெயரும் பெரும்பாலும் இருக்காது. டிரஸ்டி, கமிட்டி மெம்பர், கௌரவ செயலாளர், பொருளாளர் என்று பல பெயர்களில் இருக்கும் இவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பணம் இருந்தது, ஆள் இல்லை!

முதலில் ஒரு பழைய கதை. இது ஆஸ்பத்திரிக் கதை அல்ல, பள்ளிக்கூடக் கதை. ஆனால் நம் ஊரில் டிரஸ்டி என்கிற பொறுப்பு எப்படி வேர் பிடித்தது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் கதை வேறு இல்லை.

துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். தம் செல்வத்தைத் தருமத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் காலத்திலேயே அது லட்சக்கணக்கில் பெறுமானமுள்ள சொத்து. மனம் இருந்தது, பணம் இருந்தது, எழுத்துபூர்வமான உயிலும் இருந்தது. என்ன நடந்தது? நிறைவேற்ற வேண்டியவர்கள் நிறைவேற்றவில்லை. உறவினர் சண்டையும் கோர்ட் வழக்கும் என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரலே தலையிட்டு, கோர்ட் மூலம் ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, சென்னைப் பிரமுகர்கள் டிரஸ்டிகளாக நியமிக்கப்பட்ட பிறகுதான் காரியம் நடந்தது. பச்சையப்பன் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். உயில் எழுதி 48 வருஷம் கழித்து!

கட்டடப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதை நன்றாகவே புரிகிறது. சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் சைட்டில் வந்து இறங்கிவிட்டது. பொறுப்பாக நின்று மேற்பார்வை பார்க்க ஆள் இல்லையென்றால் மழையில் நனைந்து வீணாகத்தானே போகும்? தருமப் பணமும் அப்படித்தான்.

கஞ்சித் தொட்டியிலிருந்து கல்லூரி வரை

வடசென்னைக்காரர்களுக்கு ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றால் உடனே தெரியும். அதுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அந்தப் பெயர் வந்த காரணம் 1782-க்குப் போகிறது. ஹைதர் அலியுடனான போரில் சுற்றுவட்டாரம் பாழாகி, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் பட்டணத்துக்குள் வந்து விழுந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம்.

கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள், முதியவர்களும் இருந்தார்கள், போக்கிடம் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஆகவே பசிக்கு ஆரம்பித்த இடத்தில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே வைத்தியமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிப் பகுதி வளர்ந்து அரசாங்கத்தின் கைக்குப் போய், 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. சத்திரமோ முதியோர்களுக்கான இல்லமாகத் தொடர்ந்தது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் இரண்டு இலாகாவாகப் பிரித்தது பிற்கால ஏற்பாடு. தெருவில் இருப்பவனுக்கு அந்தப் பிரிவினை கிடையாது. ஜுரத்துக்கு மருந்து வேண்டும், சாப்பிடக் கஞ்சி வேண்டும், படுக்க இடம் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அவன் பிழைப்பான். உள்ளூர்த் தரும அமைப்புகள் இதை ஆரம்பத்திலிருந்தே புரிந்துகொண்டிருந்தன.

ஏழு பேர் போதும்

1860-ல் ஒரு சட்டம் வந்தது: சங்கங்கள் பதிவுச் சட்டம். ரொம்பச் சிறிய சட்டம். ஆனால் அது செய்த வேலை பெரியது. ராஜா வேண்டாம், ஜமீன்தார் வேண்டாம், கோடீஸ்வரன் உயில் எழுத வேண்டாம். இலக்கியத்துக்கோ, அறிவியலுக்கோ, தருமத்துக்கோ ஏழு பேர் சேர்ந்து ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால் போதும், சங்கம் பிறந்துவிடும்!

அதில் மூன்று நிபந்தனைகளைக் கவனியுங்கள். நிர்வாகத்தை ஒரு ஆட்சிக்குழு நடத்த வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வருஷா வருஷம் ரெஜிஸ்ட்ராரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சங்கத்தைக் கலைக்கிற நிலை வந்தாலும் கடன் போக மிஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, வேறொரு சங்கத்துக்குத்தான் தர வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. கம்பெனி மூடினால் பங்குதாரருக்கு ஏதாவது மிஞ்சும். தருமச் சங்கம் மூடினால் கமிட்டிக்காரருக்கு ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. போட்ட உழைப்பெல்லாம் பொதுச்சொத்து.

டிரஸ்ட் விஷயத்திலும் இதே தத்துவம்தான். 1882-ம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்காக ஏற்பட்டது. ஆனால் அதில் எழுதியுள்ள கடமைகளைத்தான் பொதுத் தரும டிரஸ்டுகளிலும் நியாயத்துக்கு அளவுகோலாக வைத்துப் பார்ப்பது வழக்கம். விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனமாக டிரஸ்ட் சொத்தைப் பார்க்க வேண்டும். அதை வைத்துத் தான் லாபம் அடையக்கூடாது. டிரஸ்ட் பத்திரத்தில் சொல்லியிருந்தாலொழிய சம்பளம் கேட்க உரிமை இல்லை. தன் பொறுப்பை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போகவும் முடியாது.

பொதுத் தருமத்தில் தவறு நடந்தால்? 1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவு, அந்தத் தருமத்தில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதியோடு வழக்குப் போட இடம் தருகிறது. டிரஸ்டியை நீக்கலாம், புதியவரை நியமிக்கலாம், கணக்குக் கேட்கலாம். பச்சையப்பர் தருமத்துக்கு நேர்ந்த கதி இன்னொரு தருமத்துக்கு நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

ஒரு டாக்டரம்மாவும் இரண்டு அமைப்புகளும்

இப்போது அடையாறுக்கு வருவோம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம், பிறகு சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத் தலைவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். பாடப்புத்தகத்தில் இவ்வளவும் உண்டு. அவர் எப்படிப்பட்ட நிர்வாகி என்பது பாடப்புத்தகத்தில் வராது.

தேவதாசி முறையிலிருந்து வெளியே வர விரும்பிய பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள அன்றைய விடுதிகள் தயாராக இல்லை. அவர்கள் டாக்டரம்மா வீட்டு வாசலுக்கே வந்தார்கள். 1930-ல் ஔவை இல்லம் உருவானது. வீட்டில் நாலு குழந்தைகளை வைத்து வளர்ப்பது கருணை. அதையே பதிவு பெற்ற அமைப்பாக்கி, கமிட்டி போட்டு, பள்ளிக்கூடம் சேர்த்து, தான் இல்லாத காலத்திலும் நடக்கும்படி செய்வது நிர்வாகம். அவர் இரண்டையும் செய்தார்.

அடுத்தது புற்றுநோய். 1923-ல் அவருடைய தங்கை அந்த நோயில் இறந்துபோனார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். வந்தால் சாகப்போகிற நோய், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைக்குப் பெரிய இடங்களில்கூட இருந்த எண்ணம். பேசி 14 வருஷம் கழித்து, 1949-ல், இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஏற்பட்டது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந்தேதி ஆஸ்பத்திரி திறந்தது. எத்தனை படுக்கை தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு!

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவப் பொறுப்பை ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தர உத்தியோகம் கையில் கிடைத்தும் அதை விட்டுவிட்டு வந்தவர் அவர். அன்று முதல் 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. 1975-ல் அது மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகாரம் பெற்றது. 12 படுக்கைகள் நூற்றுக்கணக்கான படுக்கைகளாயின.

இங்கே ஒரு நுட்பமான விஷயம். தாய் நிறுவனர், மகன் தலைமை மருத்துவர். சாதாரணமாக நம் ஊரில் இது என்னவாகியிருக்கும்? ‘ரெட்டி நர்ஸிங் ஹோம்’ ஆகியிருக்கும், அடுத்த தலைமுறையில் பாகப்பிரிவினைக்கும் வந்திருக்கும். அப்படி ஆகவில்லை. சொத்து சங்கத்தின் நிதிக்குச் சொந்தம், முடிவு கமிட்டிக்குச் சொந்தம், உழைப்பு மட்டும்தான் தாய்க்கும் மகனுக்கும் சொந்தம். 1968-ல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார், 2010-ல் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மறைந்தார், 2021-ல் டாக்டர் சாந்தாவும் மறைந்தார். ஆஸ்பத்திரியின் கதவு மூடவில்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று எழுத்தின் அர்த்தம் இதுதான்.

டைடல் பார்க் பக்கத்திலே

நம் தோழர்களில் ஐ.டி. வேலைக்குப் போகும் பலர் தினமும் தரமணி வழியாகப் போய் வருகிறோம். டைடல் பார்க் 2000-ல்தான் வந்தது. அதற்கு நெடுநாள் முன்பே அந்தப் பக்கத்தில் இருப்பது வி.எச்.எஸ். என்று எல்லாரும் சொல்லும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் ஏற்படுத்திய சங்கம் அது.

சஞ்சீவி மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். தினமும் நோயாளிகளைப் பார்த்தவருக்கு ஒரு கவலை. இலவசம் என்றால் தரம் கேள்விக்குறி, தரம் என்றால் ஏழைக்குக் கதவு அடைப்பு. நடுவில் ஒரு வழி கிடையாதா? அவர் கண்ட வழி மருத்துவ உதவித் திட்டம். குடும்பம் முழுவதும் சேர்ந்து வருஷ சந்தா கட்ட வேண்டும். சந்தா வருமானத்தைப் பொறுத்தது: குறைந்த வருமானக்காரருக்குக் குறைந்த சந்தா, கூடுதல் வருமானக்காரருக்குக் கூடுதல் சந்தா. நோய் வருவதற்கு முன்னாலேயே கட்டி வைப்பதால், வரும்போது பயம் இல்லை. மருத்துவக் காப்பீடு என்ற வார்த்தை நம் வீடுகளுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு இது!

நகரத்தின் பெரிய நிபுணர்கள் கௌரவ மருத்துவர்களாக வந்து பார்த்தார்கள். கிராமங்களில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்று சிறு சுகாதார மையங்கள் தொடங்கப்பட்டன. டாக்டர் வேலையை டாக்டர் செய்தார். கணக்கு, கட்டடம், நிதி, அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து இதெல்லாம் யார் செய்வது? மறுபடியும் அதே கமிட்டிதான்.

மதுரை வழி

கமிட்டி என்றால் வெளியாட்கள்தான் இருக்க வேண்டுமா, குடும்பத்தார் இருக்கக்கூடாதா என்று ஒரு கேள்வி வரலாம். மதுரைக்குப் போய்ப் பார்க்கலாம். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் கோவெல் டிரஸ்டை ஏற்படுத்தி, வீடு ஒன்றில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கூட நின்றவர்கள் தம்பி தங்கையர், அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்கள். முழுக்கக் குடும்பம்தான்!

வித்தியாசம் எங்கே? பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். மிஞ்சிய பணம் பங்காகப் பிரியவில்லை, டிரஸ்டுக்குள்ளேயே தங்கி அடுத்த ஆஸ்பத்திரியாக மாறியது. டாக்டர் வெங்கடசாமி 2006-ல் மறைந்த பிறகும் அது தொடர்ந்து வளர்ந்தது. ஆகவே, குடும்பம் சேவை செய்யலாம், அனுபவிக்கக்கூடாது. டிரஸ்ட் என்கிற ஏற்பாடு இந்தக் கோட்டைத்தான் போட்டு வைத்திருக்கிறது.

கோளாறு எங்கே வரும்?

எல்லாக் கமிட்டியும் உத்தமம் என்று சொல்லிவிட முடியாது. கட்டடத்தில் விரிசல் விழும் இடங்கள் இருப்பது போல இதிலும் உண்டு.

டிரஸ்டில் பெரும்பாலும் டிரஸ்டிகளே அடுத்த டிரஸ்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். இதனால் நிலைத்தன்மை கிடைக்கும், ஆனால் காற்றுப் புகாத அறையாகவும் ஆகிவிடலாம். சங்கத்தில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஜனநாயகம் இருக்கும், கோஷ்டியும் இருக்கும். 1975-ல் தமிழ்நாட்டுக்கென்று வந்த சங்கங்கள் பதிவுச் சட்டம், கமிட்டியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால் தொடரலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உறுப்பினர் முன் வந்து நின்றாக வேண்டும்.

இரண்டாவது கோளாறு, நிறுவனருக்கு எதிராக யாரும் வாய் திறக்காமல் இருப்பது. ‘ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று எல்லோரும் தலையாட்டினால் அது கமிட்டி அல்ல, பஜனை கோஷ்டி. நல்ல டிரஸ்டி என்பவர் மரியாதையோடு கேள்வி கேட்கிறவர். இந்தக் கொட்டேஷன் ஏன் ஒரே கடையிலிருந்து வந்திருக்கிறது? ஸ்கேன் மிஷின் வாங்குகிறோம் சரி, பராமரிப்புச் செலவு யார் தருவது? ஆயாம்மாக்களுக்குப் பி.எஃப். கட்டுகிறோமா? இந்தக் கேள்விகளைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டாம், பொறுப்புணர்ச்சி போதும்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: ஆள் இல்லாமை. பழைய உறுப்பினர்களுக்கு வயதாகிறது, ஆண்டு அறிக்கையில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘அமரர்’ சேர்கிறது. இடத்தை நிரப்ப முப்பது, நாற்பது வயதுக்காரர் வருவதில்லை. இதற்கிடையே வேலையும் கூடிவிட்டது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் என்று வரம்பு குறைந்தது. பணம் வந்து சேர டெல்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளையில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்றும் ஆனது. வருமான வரிச் சலுகைக்கான பதிவும் 2021 முதல் காலவரையறையோடு புதுப்பிக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாம் ஆன்லைன். எழுபத்தைந்து வயது கௌரவ செயலாளர் ஓ.டி.பி.க்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

நாம் என்ன செய்யலாம்?

நம் சந்திப்புகளில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: ‘மச்சி, ஊருக்கு ஏதாவது செய்யணும்டா.’ மனசு நல்ல மனசு. ஆனால் செக் எழுதியதோடு அது முடிந்துவிடுகிறது. செக் தேவைதான். பச்சையப்பர் கதை என்ன சொல்கிறது? பணத்தோடு ஆளும் வர வேண்டும்.

நம்மிடம் இருப்பவை சாதாரணத் திறமைகள் இல்லை. எஸ்டிமேட் சரிபார்க்கத் தெரியும், டெண்டர் படிக்கத் தெரியும், ஜெனரேட்டரும் லிஃப்டும் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும், கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரியும். ஊரில் ஒரு முதியோர் இல்லமோ, தரும ஆஸ்பத்திரியோ, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியோ இருக்கும். அங்கே போய், ‘உங்க கமிட்டிக்கு உதவியா ஒரு வருஷம் உட்காரலாமா?’ என்று கேளுங்கள். சேர்வதற்கு முன் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்க விதிகள், கடைசி மூன்று வருஷத்து ஆடிட் கணக்கு, மினிட்ஸ் புத்தகம். காட்டத் தயங்கினால் அங்கேயே பாடம் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சியாகக் காட்டினால் நல்ல இடம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

தம்பி தங்கையர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதே டிரஸ்டி ஆக முடியாது, அவசரமும் இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது, அந்த அமைப்பை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, முடிவு யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பழகுங்கள். ரசீது புத்தகம் எழுதிக் கொடுங்கள், பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து கொடுங்கள். நல்ல நிர்வாகிகள் பலர் ரசீது புத்தகத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் 1935-ல் பேசினார், 1949-ல் நிதி தொடங்கியது, 1954-ல் கதவு திறந்தது. 19 வருஷம்! அவ்வளவு காலம் ஒரு எண்ணத்தைத் தனி ஒருவர் சுமக்க முடியாது. கூடவே உட்கார்ந்து கூட்டம் போட்டு, கணக்கு எழுதி, சோர்வடையாமல் மறுபடி கூட்டம் போட்ட பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் போட்ட கையெழுத்தின் பலனை இன்றும் நோயாளிகள் அனுபவிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கையெழுத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் மினிட்ஸ் புத்தகத்தில் இடம் காலியாக இருக்கிறது, நண்பர்களே. பேனாவை எடுப்போம்!